கால் நாடிக்கு மாற்று எது?

நீர் இறைக்கும் இயந்திரங்கள் வருமுன், கரவெட்டித் தோட்டங்களிலே துலாமீது ஏறி முன்னும் பின்னும் நடந்த உழைப்பாளியின் கால்களே கிணற்று நீரை மேலே கொணர்ந்தன. அந்நீரில் வளர்ந்த பயிர்களுள் புகையிலையும் ஒன்று. அதன் புகையோ நாடிகளை ஒடுக்கி, ஈற்றிலே புகைப்பவனின் கால்களையே பலிகேட்பது. இன்று நீரிழிவும் அதற்குத் துணையாய் வந்துள்ளது. உழைப்பவனின் கால் அவன் குடும்பத்தின் சோறு. ஆதலின், அடைபட்ட கால் நாடிக்கு மாற்றுவழி எதனால் அமைப்பது என்னும் வினா வைத்தியருக்கு மட்டும் உரியதன்று.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார்; 'இரணவைத்தியம்' என்னும் நூலையும் தமிழில் தந்தார். அன்று உலகெங்கணும், குருதியோட்டமின்றி அழுகிய காலைத் துணிப்பதே சிகிச்சையாயிருந்தது.

பின்னர் பிரெஞ்சு வைத்தியரான அலெக்சிஸ் கரெல், பூத்தையல் தொழில்செய்த பெண்ணொருத்தியிடம் ஊசி பிடிக்கப் பயின்று, குருதிக்குழாய்களை ஒன்றோடொன்று தைக்கும் முறையை வகுத்தார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வழியிலே, 1948இல் ஜோன் குன்லின், நோயாளியின் காலிலே தோலின்கீழ் ஓடும் நீண்ட நாளத்தை எடுத்து, அடைப்பைக் கடக்கும் புறவழியாகப் பொருத்தினார். நாளத்தின் வால்வுகள் குருதியை இதயத்தை நோக்கியே செல்லவிடும். ஆகவே அதனைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தார்.

ஆலைகளும் சும்மா இருக்கவில்லை. 1952இல் ஆதர் வூர்கீஸ் செயற்கைத் துணிக்குழாயைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அதே பத்தாண்டில் மைக்கேல் டிபேக்கி, வீட்டுத் தையல் இயந்திரத்திலே டேக்ரோன் துணியைக் குழாயாகத் தைத்தார். 1970களில் விரிவாக்கிய டெஃப்லோன் குழாய் வந்தது. வயிற்றின் பெருநாடிக்கு டேக்ரோன் நன்கு பயன்பட்டது. முழங்காலுக்கு மேலேயும் செயற்கைக் குழாய்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. முழங்காலுக்குக் கீழே, நாடி ஒடுங்கி ஓட்டம் மெலியும் இடத்திலோ, அவற்றினுள்ளே குருதி எளிதில் உறைகின்றது. கிருமி தொற்றினால் குழாயையே அகற்றவும் நேரலாம்.

காலை இழக்கும் அபாயத்திலிருந்த 1830 பேரைக்கொண்ட பெரும் ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. நல்ல நாளம் உடையோருக்கு, நாடியினுள்ளே குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவதிலும் புறவழிச் சத்திரசிகிச்சையே மேலான பயன் தந்ததென அது காட்டிற்று. நாளம் ஒடுங்கியோ புடைத்தோ இருப்பவர்க்கும், இதயச் சிகிச்சைக்காக அதனை முன்னரே கொடுத்துவிட்டவர்க்கும் செயற்கைக் குழாய் வேண்டியதே. ஆயின், ஆலை விற்கும் எந்தப் பண்டமும் நல்ல நாளத்தை இன்னும் வெல்லவில்லை.

இதன் பொருள் என்ன? சிறந்த மாற்றுப்பொருள் விலைகொடுத்து வாங்கவேண்டியதன்று. பெரும்பாலான ஏழைகளின் உடலிலேயே அது உள்ளது. அவர்களுக்கு இல்லாதது காலமும் வாய்ப்புமே. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவதை முதுமையென்று பொறுத்துக்கொள்கிறார்கள். விரல் கறுத்தபின்பே வைத்தியசாலைக்கு வருகிறார்கள். நாட்கூலியை இழந்து எவ்வாறு முன்னரே வருவார்கள்?

பாதத்து நாடித் துடிப்பை விரலால் தொட்டறியச் செலவு ஏதுமில்லை. நீரிழிவாளர் ஒவ்வொருவரின் பாதமும் கிராமத்துச் சிகிச்சை நிலையத்திலேயே சோதிக்கப்படவேண்டும். துடிப்பற்ற கால் தாமதமின்றிச் சத்திரசிகிச்சையாளரிடம் சேரவேண்டும். கிறீன் தமிழிலே கற்பித்ததும் வைத்திய அறிவு இம்மண்ணின் மக்களை எட்டவேண்டும் என்பதற்காகவே. அப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை.