புள்ளி பெற்ற எழுத்துகள்

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்கள் ஒன்றை அறிந்திருப்பர். ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும். தொல்காப்பியம் வகுத்த புள்ளி ஏட்டில் இல்லாமற்போகவே, எது மெய், எது உயிர்மெய் என்பதைப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எழுத்து அதேதான், புள்ளி உண்டா இல்லையா என்பதில் சொல்லே மாறிவிடும்.

உயிரின் ஏட்டிலும் இத்தகைய புள்ளிகள் உண்டு. ஆர்.என்.ஏ. என்னும் ஏடு நான்கே எழுத்துகளால் ஆனது. அவ்வெழுத்துகளின் மேல் மெத்தில் போன்ற சிறு வேதித்தொகுதிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எழுத்தின் வரிசை மாறுவதில்லை. ஆயினும் உடல் அதைப் படிக்கும் விதம் மாறிவிடுகிறது. வைரஸ்களின் வரலாற்றில் இப்புள்ளிகளுக்குள்ள பங்கை விளங்கிக்கொள்ள நாங்கள் முயன்றதற்குக் காரணம் எங்கள் ஊரின் ஒரு காய்ச்சல்தான்.

2006-ல் சிக்குன்குன்யா தமிழகத்தின் பல மாவட்டங்களில் பரவியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அவ்வாண்டின் அரசுக் கணக்கு. காய்ச்சல் சில நாட்களில் தணியும். மூட்டுவலியோ மாதக்கணக்கில் நீடிக்கும். திருப்பூரில் அதன் பொருள் வேறு. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைப்பவருக்கு விரல் மடங்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. தண்ணீருக்குத் தவித்த ஊர் ஆதலால் வீட்டுக்கு வீடு டிரம்மில் நீர் பிடித்து வைத்திருப்போம். நோயைச் சுமக்கும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அத்தகைய நீரில்தான்.

இந்நோய் தமிழகத்துக்குப் புதிதன்று. 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் டெங்குவைப் போன்றதொரு காய்ச்சல் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மையர்ஸ், கேரி முதலிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் குருதியிலிருந்தும் கொசுக்களிலிருந்தும் சிக்குன்குன்யா வைரஸைப் பிரித்தெடுத்தனர். வைரஸ் கையில் கிடைத்துவிட்டது. அதன் ஏட்டைப் படிக்கும் வழி அப்போது எவரிடமும் இல்லை.

அந்த வழியின் ஒரு முக்கியத் திறப்பு நெசவுலகத்தின் உறவினரான பட்டுப்புழுவிடமிருந்து வந்தது. எங்கள் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டைப் பகுதியில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு எடுக்கும் விவசாயிகள் பலர் உண்டு. புழுவுக்கு நோய் வந்தால் என்னவாகும் என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். ஜப்பானின் மிஷிமா நகரிலுள்ள தேசிய மரபியல் நிறுவனத்தில், பட்டுப்புழுவின் குடலைத் தாக்கும் ஒரு வைரஸை யசுஹிரோ ஃபுருயிச்சி ஆராய்ந்துவந்தார். மெத்திலை வழங்கும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்ததும், அந்த வைரஸ் தன் தூது ஆர்.என்.ஏ.வைப் பன்மடங்கு வேகத்தில் உண்டாக்குவதை 1974-ல் அவர் கண்டார். மறு ஆண்டு காரணமும் துலங்கியது. ஏட்டின் தலைப்பில், மெத்தில் ஏறிய ஓர் எழுத்து தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனைத் தொப்பி என்கின்றனர். நம் உயிரணுக்களின் தூது ஆர்.என்.ஏ.வுக்கும் அத்தொப்பி உண்டு என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. தொப்பி அணிந்த ஏட்டை உயிரணு தன்னுடையதாகக் கருதிப் படிக்கிறது. சிக்குன்குன்யாவும் அத்தகைய தொப்பியைத் தானே செய்து அணிந்துகொண்டுதான் நம்முள் நுழைகிறது.

ஏட்டின் நடுவிலுள்ள புள்ளிகளும் அதே காலத்தில் கண்டறியப்பட்டன. ஆனால் அவற்றின் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. ஹங்கேரியிலிருந்து 1985-ல் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக அமெரிக்கா சென்ற காத்தலின் கரிக்கோ, பதவி இறக்கத்தையும் தாங்கிக்கொண்டு ஆர்.என்.ஏ.வை விடாது பற்றியிருந்தார். யூரிடினுக்குப் பதிலாகச் சூடோயூரிடினை வைத்தால் உடலின் காவல் சீறுவதில்லை என்று அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005-ல் காட்டினர். 2020-ல் எங்கள் ஊர்த் தையல் எந்திரங்கள் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தபோது, அக்கண்டுபிடிப்பின் மீது தடுப்பூசிகள் எழுந்தன. நமக்குப் பெரும்பாலும் கிடைத்த கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகையின. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. புள்ளியின் பெருமை தெரிந்தபின் அதை எங்கும் காணும் ஆசை எழுவது இயல்பு. அடினின் எழுத்தின் மேல் ஏறும் மெத்தில் புள்ளி டெங்கு முதலிய பல வைரஸ்களில் இருப்பதாக 2016 முதல் ஆய்வுகள் வெளிவந்தன. அவை பெரிதும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு புள்ளியைத் தேடியவை. பார்சிலோனாவின் ஆய்வாளர்கள் ஆர்.என்.ஏ. இழையையே நேரடியாகப் படிக்கும் முறை முதலியவற்றால் மீண்டும் சோதித்தனர். சிக்குன்குன்யாவிலும் டெங்குவிலும் அப்புள்ளிக்குச் சான்று இல்லை என்று 2024-ல் அறிவித்தனர்.

சிக்குன்குன்யாவின் தந்திரம் வேறிடத்திலும் இருக்கிறது. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதுபோல, ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்க ஆர்.என்.ஏ.வில் பல மும்மை எழுத்துகள் உண்டு. நம் உயிரணு சிலவற்றைச் சரளமாகப் படிக்கும், சிலவற்றில் தடுமாறும். சிக்குன்குன்யாவின் ஏட்டில் தடுமாறவைக்கும் சொற்களே மிகுதி. அவ்வாறிருந்தும் அது தங்குதடையின்றிப் படிக்கப்படுவது எப்படி? படிக்கும் கருவியான கடத்து ஆர்.என்.ஏ.வின் மேலுள்ள புள்ளிகளை வைரஸ் மாற்றிவிடுகிறது என்று பார்சிலோனாவிலிருந்து 2022-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. தன் எழுத்தைத் திருத்துவதற்குப் பதிலாக அது வாசகனைத் திருத்துகிறது.

சிக்குன்குன்யாவுக்கென்று தனி மருந்து இன்றும் இல்லை. தொப்பி செய்யும் நொதியைத் தடுக்கலாமா, வாசகன் திருத்தப்படுவதை மறிக்கலாமா என்ற கேள்விகளில் மருந்துக்கான வழி இருக்கக்கூடும். விரல் மடங்காமல் வீட்டிலிருந்த தையற்காரருக்கு இவ்வரலாறு எதையும் திருப்பித் தந்துவிடவில்லை. எனினும் ஏட்டை வாசிப்போர் அனைவருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. புள்ளி இருக்குமிடத்தைக் காணத் தவறினாலும் பிழை. இல்லாத இடத்தில் வைத்துப் படித்தாலும் பிழையே.