கலைக்கூடத்து உதவியாளன்

கிழக்கிலங்கையின் கரையோர நெடுஞ்சாலையில் திருக்கோவிலை அடைந்து, அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாக வயல்வழியே சென்றால் சாகாமக் குளத்தைக் காணலாம். கோடையில் நீர் வற்றி வண்டல் வெளித்தெரியும் காலத்தில் ஒருமுறை நாம் அக்குளக்கரையில் நின்றிருந்தோம். கலைக்கல்வி நிறுவனம் ஒன்றின் இறுதியாண்டு மாணவி ஒருத்தியும், அவளுக்குத் துணையாக வந்த உதவியாளர் ஒருவரும் மண்வெட்டியும் சாக்குகளுமாக அங்கே வந்திருந்தனர். மாணவி மருதமுனையைச் சேர்ந்தவள். கைத்தறி நெசவுக் குடும்பத்திற் பிறந்தவள். தறியின் முன் குனிந்திருக்கும் பெண்ணொருத்தியைச் சுடுமண்ணில் வடிப்பதே அவளுடைய இறுதியாண்டுச் செயற்றிட்டம்.

"சேர், இந்த மண் பிடிக்குமா?" என்று அவள் கேட்டாள்.

உதவியாளர் ஒரு பிடி மண்ணை நனைத்து, விரல்களுக்கிடையில் திரியாக உருட்டி, வளைத்துப் பார்த்தார். "பிடிக்கும் தங்கச்சி. ஆனா உமியும் மணலும் சேர்க்காட்டி சூளையில வெடிச்சிரும்" என்றார்.

அன்று மாலைவரை அவர் செய்ததெல்லாம் இந்த வகைப்பட்ட வேலையே. கல்லும் வேரும் பொறுக்கினார், சாக்குகளைச் சுமந்தார், உருவத்தின் உட்புறத்தை எவ்வளவு குடைந்தெடுக்க வேண்டுமென்று மணலிலே கோடு கிழித்துக் காட்டினார். உருவம் எப்படி அமைய வேண்டும் என்பதைப்பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. அம்மௌனந்தான் எமது சிந்தனையைத் தூண்டியது. ஆசிரியனும் அல்லன், மாணவனும் அல்லன், கூலியாளும் அல்லன் என்ற நிலையிலுள்ள இம்மனிதனுக்குக் கலைச்சரித்திரத்தில் இடம் உண்டா?

கலைக்கல்வியின் சரித்திரம் எம்மிடையே பெரும்பாலும் அதிபர்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கப்பால் புகழ்பெற்ற சில மாணவர்களின் பெயர்கள் இடம்பெறும். சாந்து குழைத்தவன், வர்ணம் அரைத்தவன், சூளைக்கு இரவு முழுதும் விறகு தள்ளியவன், அனுபவமில்லாத மாணவனின் கையில் உளியைச் சரியாகப் பிடிக்க வைத்தவன் ஆகியோரைப்பற்றிய செய்திகளை ஆங்காங்கே அடிக்குறிப்புகளிலும் நினைவுரைகளிலுமே தேடிப் பொறுக்க வேண்டியுள்ளது.

பழைய சிற்பக் கூடங்களில் இக்கேள்வி எழவில்லை. அங்கே கற்றலும் உதவி செய்தலும் ஒரே செயலாக இருந்தன. கல்லைப் பிளப்பதிலே தொடங்கும் சிறுவன், பருமட்டாகச் செதுக்கி, பின்னர் அணிகலன்களைச் செதுக்கி, பல ஆண்டுகளின் பின்னரே முகத்தைத் தொடுவான். கண் திறக்கும் உரிமை மட்டும் ஸ்தபதிக்கே உரியது. அந்த ஒழுங்கினைப் பொன்னுலகமாகக் காட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறப்பினால் தொழிலையும் தொழிலினால் படிநிலையையும் நிர்ணயித்த ஒழுங்கு அது. எனினும் முடிவுற்ற சிலையில் ஸ்தபதியின் பெயரும் பெரும்பாலும் இல்லை, சிறுவனின் பெயரும் இல்லை என்ற அளவில் இருவரும் சமமே.

பெயர் என்ற பிரச்சினையை எம்மிடையே கொணர்ந்தது பிரித்தானிய ஆட்சி நிறுவிய கலைப் பள்ளிகளே எனலாம். சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் கலைப்பள்ளியொன்றை ஆரம்பித்தார். 1854-இல் கல்கத்தாவிலும், 1857-இல் பம்பாயிலும் இவ்வகைப் பள்ளிகள் தோன்றின. கைவினைஞரின் பிள்ளைகளை நல்ல கைவினைஞராக்குவதும், ஏகாதிபத்தியத்தின் சந்தைக்கும் பொருட்காட்சிகளுக்கும் ஏற்ற பண்டங்களைச் செய்விப்பதும் அவற்றின் நோக்கங்களுள் முக்கியமானவை. வரைதலென்பது பெரிதும் சுதை அச்சுகளைப் பார்த்து வரைதலாகவே இருந்தது.

பம்பாய்ப் பள்ளியின் ஜோன் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை தம் மாணவர்களை அஜந்தாவுக்கு அழைத்துச் சென்று குகை ஓவியங்களைப் பிரதிசெய்வித்தார். ஒளி குறைந்த குகைகளில் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் தங்கி உழைத்தோர் பள்ளி மாணவர்கள். ஏறத்தாழ 300 பிரதிகள் உருவாகின. இலண்டனுக்கு அனுப்பப்பட்ட அவற்றுட் பல 1885-இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் நேர்ந்த தீயில் எரிந்து போயின. (அதற்கு முன்னர் ரொபர்ட் கில் செய்த பிரதிகளும் 1866-இல் இலண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. அஜந்தாவைக் காப்பாற்ற வேண்டுமென்று எடுத்துச் சென்ற இடத்தில்தான் அதன் நகல்கள் இருமுறை தீக்கிரையாயின.) எஞ்சியவை 1896-97-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக அச்சாகின. மாணவர் சிலரின் பெயர்கள் அருங்காட்சியகப் பதிவுகளில் உள்ளன. ஆனால் நூலின் முகப்பில் உள்ளது கிரிஃபித்ஸின் பெயர் ஒன்றே.

எமது நாட்டின் சிகிரியாவிலும் நடந்தது இதுவே. 1889-இல் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த முறே என்பவர் குன்றின் நடுவேயுள்ள ஓவியக் குடைவுக்குள் ஏறிப் படுத்தவாறே பிரதிகள் வரைந்தார். அவர் ஏறுவதற்குப் பாறையில் துளையிட்டு இரும்பு முளைகளைப் பொருத்தியோர் தென்னிந்தியக் கற்தொழிலாளர். உள்ளூர் மக்கள் பேய்க்கு அஞ்சி மறுத்தமையால் இவர்கள் வரவழைக்கப்பட்டனர் என்பர். அந்தரத்தில் நின்று முதல் துளையை இட்டவனின் பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. பின்னர் தொல்பொருட் பகுதியின் எச். சி. பி. பெல் காலத்தில் அவ்வோவியங்களைப் பிரதிசெய்த டி. ஏ. எல். பெரேராவின் பெயராவது நிலைத்திருக்கின்றது.

இச்சரித்திரத்தில் ஒரு திருப்பம் அதே அஜந்தாவில் நிகழ்ந்தது. 1909-11 காலப்பகுதியில் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி மீண்டும் அங்கே பிரதியெடுக்க முனைந்தபோது, கல்கத்தாவிலிருந்து நந்தலால் போஸ், அசித்குமார் ஹால்தார் முதலிய இளைஞர்களும், ஐதராபாத்திலிருந்து சையது அகமது, பஸ்லுத்தீன் ஆகியோரும் உதவியாளராகச் சென்றனர். சையது அகமது பிற்காலத்தில் அஜந்தாவின் காப்பாளராகவே விளங்கினார். நந்தலாலோ சாந்திநிகேதனில் 1919-இல் தொடங்கப்பட்ட கலாபவனத்தின் தலைவரானார். பிறருடைய பணியில் கையாளாக நின்ற அனுபவத்தை அவர் மறந்தவரல்லர் என்றே அவருடைய பிற்காலச் செயல்களைக் கொண்டு நாம் கருதுகிறோம். 1938-இல் ஹரிபுரா காங்கிரசுக்காக உழவரையும் தச்சரையும் மத்தளக்காரரையும் தீட்டிய நூற்றுக்கணக்கான சுவரொட்டிகளை அவர் தம் மாணவரோடு கூடியே செய்தார். இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதிக்கு ஓவியம் தீட்டும் பொறுப்பு வந்தபோதும் அவ்வாறே. அதன் முகவுரைப் பக்கத்தை அலங்கரித்தவர் அவருடைய மாணவரான பியோகார் ராம்மனோகர் சின்ஹா. அப்பக்கத்தின் கரையலங்காரத்தில் 'ராம்' என்ற சிறு கையொப்பம் இன்றும் உள்ளது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் குருவின் பெயருக்குள் மறைந்து போகாமல் மாணவனின் பெயர் நின்றுவிட்டது. சின்னஞ்சிறு விஷயந்தான், ஆயினும் கிரிஃபித்ஸின் நூல் முகப்போடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆயினும் உதவி என்ற செயலின் உள்ளியல்பை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது சாந்திநிகேதனின் ஹிந்தி பவனச் சுவர்களையே. 1946-47-இல் வினோத்பிஹாரி முகர்ஜி அங்கே மத்தியகால ஞானியரின் வாழ்வை வரைந்தார். கபீரும் அவர் தறியும் அங்கே உண்டு. ஈரச் சாந்தின்மேல் வரையும் முறை அது. அன்றன்று வரையக்கூடிய அளவுக்கே சாந்து பூச வேண்டும். அது உலருமுன்னர் வர்ணம் ஏற வேண்டும். தவறினால் சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். வினோத்பிஹாரிக்கோ பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணின் பார்வையும் மிகக் குறைவு. சுவரளவான முன்வரைவைத் தயாரித்து ஒற்றியெடுக்கும் வழக்கத்தையும் அவர் கைக்கொள்ளவில்லை. இத்தகைய வேலையில் சாந்து பூசுபவன் கைத்தொண்டன் மட்டுமல்லன். இன்று ஓவியன் எங்கே செல்வான், எவ்வளவு தூரம் செல்வான், எந்த இடத்தில் நிற்பான் என்பதை அவன் முன்கூட்டியே உணர வேண்டும். உணர்ந்தும், தன் கோட்டை அச்சுவரிலே இடாதிருக்க வேண்டும்.

அச்சுவரில் உழைத்த மாணவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பமொன்றில் 1924-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் கற்றுக்கொண்டிருந்தபோது 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அரசாங்கக் கல்லூரிகளின் வாயில் அவருக்கு அடைபட்டது. 1944-இல் கலாபவனம் சேர்ந்தார். ஏகாதிபத்தியம் ஒரு பொருளியல் பட்டதாரியைத் தடுத்தது. எமக்குக் கிடைத்தவர் ஓவியரும் ஆசிரியருமான ஒருவர். பின்னர் பரோடாவில் நெடுங்காலம் கற்பித்தார். 1963-இல் லக்னோவின் இரவீந்திராலயத்தில் அவர் அமைத்த மாபெரும் சுடுமண் சுவர், ஆயிரக்கணக்கான ஓடுகளை வார்த்தும் சுட்டும் அடுக்கியும் ஆக்கப்பட்டது. ஹிந்தி பவனத்தில் சாந்து பூசிய நாட்களின் கல்வி அதில் எத்தனை பங்கு என்பதை அளவிட எம்மிடம் கோல் இல்லை. பங்கில்லை என்று யாரும் கூற மாட்டார்.

சென்னைக் கலைப்பள்ளியின் கதை சற்று வேறுவிதமானது. 1929-இல் அதன் முதல் இந்திய அதிபரான டி. பி. ராய் சௌத்ரியின் 'உழைப்பின் வெற்றி' மெரினாக் கடற்கரையில் 1959-இல் திறந்துவைக்கப்பட்டது. பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளர்களைக் காட்டும் அவ்வெண்கல உருவங்களுக்கு மாதிரியாக நின்றோர் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவருமே என்று கூறப்படுகின்றது. உழைப்பாளியைப் போற்றும் சிலைக்கு நாள்கணக்கில் அசையாது நின்ற உழைப்பு, அச்சிலையின் பீடத்தில் பதியவில்லை. அதே கூடத்தில் 1936-இல் மாணவராகச் சேர்ந்த கே. சி. எஸ். பணிக்கர் 1941-இல் அங்கேயே போதிக்கத் தொடங்கி 1957-இல் அதிபரானார்; சிற்பி எஸ். தனபாலும் மாணவராக நுழைந்து, ஆசிரியராக நின்று, பின்னர் அதிபரானவரே. கூடத்தின் உள்ளிருந்தே ஒருவன் படிப்படியாக மேலெழ அங்கே வழியிருந்தது. உத்தியோகம் நிரந்தரமாயிருந்தமையே அதற்குக் காரணம்.

இலங்கையில் எமது நிலை யாது? யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938-இல் வின்சர் கலைக்கழகத்தை அமைத்துச் சித்திர ஆசிரியர்களை ஒன்றுகூட்டி வளர்த்தார். அம்பாறைக் கரையோரத்தில் அத்தகைய கூடமொன்று அக்காலத்தில் உருவாகவில்லை. காரைதீவிலே 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகளின் பெயரைத் தாங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்புக் கல்லடியில் வளர்ந்து, கட்புலக் கலையையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றது. கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களின் பிள்ளைகள் கலை கற்பதற்கு அங்கேயோ, யாழ்ப்பாணத்துக்கோ, கொழும்புக்கோ செல்கின்றனர்.

எங்கு சென்றாலும் இறுதியாண்டில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவன் இந்த உதவியாளனே. போதனாசிரியர், செய்துகாட்டுநர், தற்காலிக உதவி விரிவுரையாளர் என்று அவனுக்குப் பெயர்கள் பல. நியமனமோ பெரும்பாலும் மாதக்கணக்கிலோ ஓராண்டுக்கோ உரியது. விரிவுரையாளர் வாரத்திற்கொருமுறை வந்து கருத்துரைப்பார். சூளையின் சூடு தணியும்வரை காத்திருப்பவன் இவன். சிலையின் கை உடைந்து இரவு பத்து மணிக்கு மாணவி அழுதுகொண்டு நின்றால் சாந்து குழைப்பவன் இவன். முன்னாண்டு அதே துன்பத்தைத் தான் அனுபவித்தவன் ஆதலால், பாடநூலில் இல்லாததை இவன் அறிவான். அவ்வறிவு அவன் கையில் முதிர்ந்துவரும் தருணத்தில் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஆண்டு புதியவனொருவன் முதலிலிருந்து மண்ணை நனைத்துப் பார்க்கத் தொடங்குகிறான்.

இன்னொரு பக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. உதவி எல்லை மீறுவதும் நடக்கின்றது. புள்ளிகளுக்கு அஞ்சிய மாணவன் தூரிகையை உதவியாளனிடம் நீட்டுகிறான்; இரக்கத்தினாலோ தன் திறமையைக் காட்டும் ஆசையினாலோ இவன் வாங்கிவிடுகிறான். நாமும் ஒருமுறை அவ்வாறு வாங்கியதுண்டு. ஒரு மாணவனின் ஓவியத்தில் முகத்தைத் திருத்திக் கொடுத்தோம். பரீட்சகர் அம்முகத்தையே பாராட்டினார். அதன்பின் அம்மாணவன் எம் கண்ணை நேரே பார்க்கவில்லை. கண் திறக்கும் உரிமையை ஸ்தபதிக்கு ஒதுக்கிய பழைய ஒழுங்கு இன்று தலைகீழாக வேண்டும் என்பது அன்று எமக்குப் புலனாயிற்று. கண்ணைத் திறப்பவன் கற்பவனாகவே இருத்தல் வேண்டும்.

மருதமுனையின் தறிக்கூடங்களை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தார் சுற்றும் கை ஒன்று, பாவு ஓட்டும் கை ஒன்று, நெய்யும் கை ஒன்று. தார் சுற்றுபவள் நூலின் இழுவையைச் சீராக வைத்தாலன்றி நெய்பவன் நெய்ய முடியாது. ஆனால் கோலத்தை அவள் மாற்றுவதில்லை. சாகாமத்து மாணவியிடம் நாம் இதனைக் கூறியபோது, தன் உம்மா இருபது வருடமாகத் தார் சுற்றியவர் என்றும், தான் வடிக்கப்போகும் உருவம் நெய்பவருடையதன்று, தார் சுற்றுபவருடையதே என்றும் சொன்னாள். தறியின் முன் குனிந்த பெண் என்று நாம் எண்ணியிருந்தது பிழை.

உருவம் வெடிக்காமல் சுட்டு வந்தது. கண்காட்சிக்குரிய படிவத்தில் மாணவரின் பெயர், மேற்பார்வையாளரின் பெயர், ஊடகம், அளவு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஊடகம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினாள்: சாகாமக் குளத்து மண், உமி, மணல். அதன் கீழே சிறிய எழுத்தில் மண் பதம் பார்த்தவரின் பெயரையும் சேர்த்தாள்.