எரியாத பதிவேடு

1933இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி தி எய்ட்த்’ ஆறு கல்யாணம் செய்துகொண்ட ராஜாவின் கதை. முதல் மனைவி அரகான் கேத்தரினுக்கு அதில் இடமே இல்லை. அவர் கௌரவமான பெண்மணி, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தொடக்க எழுத்திலேயே தள்ளிவிடுகிறார்கள். நேராக இரண்டாவது மனைவி ஆன் பொலின், அதுவும் தலை போகிற நாள். பிரான்சிலிருந்து வரவழைத்த தலைவெட்டுபவன் வாளைத் தீட்டுகிறான். உள்ளூர்க்காரன் தன் பிழைப்பில் மண் விழுந்ததே என்று புலம்புகிறான். ராணி கண்ணாடியைப் பார்த்துக் கூந்தலைச் சரிசெய்துகொள்கிறாள். சில நிமிடங்களில் அவள் பங்கு முடிந்துவிடுகிறது.

ராஜாவாக நடித்த சார்லஸ் லாட்டனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பிரிட்டிஷ் படம் ஒன்றில் நடித்து அந்தப் பரிசைப் பெற்ற முதல் நடிகர் அவர். கோழியைக் கையால் பிய்த்துத் தின்று எலும்பை வீசுகிற காட்சியை இன்றும் சொல்கிறார்கள். எனக்குக் கண் நின்றது அந்த ராணியின் முகத்தில்தான். பெயர் மெர்ல் ஒபரான். படத்தை எடுத்த அலெக்சாண்டர் கோர்டா பிற்பாடு, 1939இல், அவரையே மணந்துகொண்டார்.

அவருடைய பிறப்பைப் பற்றி அன்று பத்திரிகைகளுக்குக் கொடுத்த குறிப்பு இப்படி: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில் பிறந்தவர், நல்ல ஆங்கிலக் குடும்பம், தகப்பனார் காலமாகிவிட்டார், பின்னர் இந்தியாவில் வளர்ந்தார். பிறப்புப் பதிவு? தீயில் எரிந்துவிட்டது.

சேலத்துச் சினிமாவின் பழைய காகிதங்களைத் தேடுவது என் வேலை என்பதால் அந்தத் தீ என்னை நிறுத்தியது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்று நிற்கிறது. உள்ளே இருந்த தளம், கணக்கு, ஒப்பந்தம் எதைக் கேட்டாலும் காதில் விழும் முதல் பதில், “அதெல்லாம் எரிஞ்சு போச்சுங்க.” பல சமயம் அது நிஜம். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்; பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஆனால் எரிந்தது என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து போய்விடக் கூடாது. ஒரு காகிதத்துக்கு இன்னொரு பிரதி எங்கே போயிருக்கும் என்று கேட்க வேண்டும். படம் போனாலும் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் எங்காவது ஒரு பரணில் கிடக்கும். நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் அதில் இருக்கும்.

வெள்ளைக்கார ஆட்சி பிரதி எடுப்பதில் சலிக்காத ஆட்சி. இந்தியாவில் ஒரு பாதிரியார் கொடுத்த ஞானஸ்நானம், நடத்திவைத்த திருமணம், செய்த அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் லண்டனுக்குப் போயாக வேண்டும். வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று வரிசைகளாக அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார் குடும்பங்களைத் தேடுகிறவர்களும் அந்தச் சென்னை வரிசையைத்தான் புரட்டியாக வேண்டும். ஆக, ஹோபார்ட்டில் தீப்பிடித்தது நிஜமென்றே வைத்துக்கொண்டாலும், பிறப்பு இந்தியாவில் நடந்திருந்தால் அந்தத் தீயால் இங்கே ஒரு தாளும் கருகாது.

அடுத்த கேள்வி, எந்தப் பெயரில் தேடுவது? நம் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குழந்தையின் பெயர் எழுதும் கட்டம் பெரும்பாலும் காலி. தொட்டிலில் போடும் முன்பே பதிவு நடந்துவிடும். தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். ஊரும் சில சமயம் காலை வாரிவிடும். 1911இல் நாமக்கல்லில் பிறந்தவரைச் சேலம் மாவட்டக் கட்டுகளில் தேடினால் கிடைக்க மாட்டார். 1910இல் நாமக்கல் தாலுகாவைத் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். 1929இல்தான் அது சேலத்துக்குத் திரும்பியது. ஆள் நகராமலேயே மாவட்டம் நகர்ந்துவிடும்.

ஒபரான் என்ற பெயரில் எந்தக் குழந்தையும் பதிவாகவில்லை. அது திரைக்காகச் செய்த பெயர். இயற்பெயர் எஸ்டெல் மெர்ல் ஓ’பிரையன் தாம்ஸன். பிறந்தது பம்பாயில், 1911 பிப்ரவரி 19. தகப்பன் ஆர்தர் தாம்ஸன், ரயில்வேயில் இயந்திரப் பொறியாளர், இங்கிலாந்தின் டார்லிங்டன்காரர். முதல் உலகப்போரில் பட்டாளத்தில் சேர்ந்து மேற்குப் போர்முனையில் நிமோனியாவில் இறந்துபோனார். 1917இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்ந்த பெண், கலப்பினப் பிறப்பைச் சொல்லி மற்றவர்கள் கேலி செய்ததால் பள்ளியை விட்டாள். பிறகு டெலிபோன் ஆபரேட்டர் வேலை, அமெச்சூர் நாடகம். செல்லப்பெயர் குயினி. ராணி என்று கூப்பிடப்பட்ட பெண்ணுக்குப் பெயர் வாங்கித் தந்தது கழுத்து வெட்டுப்படும் ராணி வேஷம்.

அவரை வளர்த்தவர் சார்லட் செல்பி, இலங்கையில் பிறந்த யூரேசியப் பெண். தேயிலைத் தோட்டத்தில் கங்காணம் பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்குச் சிறு வயதிலேயே ஒரு மகளைப் பெற்றவர். அந்த மகள் கான்ஸ்டன்ஸ். அந்த இலங்கைதான் சேலம், திருச்சிப் பக்கத்துச் சனங்கள் பஞ்சம் பிழைக்கப் போன கண்டிச் சீமை. சார்லட்டைத் தாய் என்றும் கான்ஸ்டன்ஸை அக்கா என்றும் நம்பித்தான் மெர்ல் வளர்ந்தார்.

1979 நவம்பரில் மெர்ல் இறந்தார். 1983இல் வந்த ‘பிரின்ஸஸ் மெர்ல்’ என்ற வாழ்க்கை வரலாறு ஹோபார்ட் கதையை உடைத்து இந்தியப் பிறப்பை வெளியே கொண்டுவந்தது. அதிலும் தாய் சார்லட்தான். உண்மையைப் பிடித்தது பம்பாய் அரசுப் பதிவு. கான்ஸ்டன்ஸுக்குப் பிற்பாடு பிறந்த மகன்களில் ஒருவர், மெர்ல் உயிரோடிருந்தபோதே, சித்தி என்று நினைத்திருந்தவரின் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்தார். தாய் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கான்ஸ்டன்ஸ் இருந்தது. பதினைந்து வயதுகூட நிரம்பாத பெண் அந்தக் குழந்தையைப் பெற்றிருந்தாள். சித்தி அக்காவானார். சந்திக்கப் போனவரை மெர்ல் பார்க்க மறுத்தார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்களிடம் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. 2002இல் வந்த ‘தி டிரபிள் வித் மெர்ல்’ என்ற ஆவணப்படத்தில்தான் சொன்னார். ஆய்வாளர்கள் கோட்டைவிட்ட இடத்தில் உறவுக்காரர் ஜெயித்தார். எந்த ஊரில், எந்தத் தகப்பன் பெயரில் பார்ப்பது என்று தெரிந்தவர் அவர்; மாவட்ட ஆவணக் கட்டுகளிலும் எனக்கு வழக்கமான அனுபவம் இதுதான்.

இந்தத் தேடலில் காகிதத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது ஒரு ஓவியம். சார்லட்டும் பேத்தியோடு இங்கிலாந்து போனார். விருந்தாளிகள் வந்தால் அவர் வீட்டு வேலைக்காரி. 1937இல் காலமானார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1949இல், மெர்ல் பழைய புகைப்படம் ஒன்றை வைத்து ‘அம்மா’வின் படத்தை வரையச் சொன்னார். ஓவியருக்கு ஒரே நிபந்தனை, தோல் நிறத்தை வெளுப்பாக்க வேண்டும். ஓவியம் பொய் சொல்கிறது. ஓவியருக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை முழு உண்மையையும் சொல்லிவிடுகிறது. பிறப்புச் சான்று கிடைக்காமலே போயிருந்தாலும், இந்த ஒன்றே எனக்குப் போதும் என்பேன்.

மறைத்ததற்கு அவரைப் பழிப்பது சுலபம். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டவே தடை விதித்திருந்தது. ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக அவர் பெயர் ஆஸ்கர் பட்டியலில் ஏறியபோதும், ‘வதரிங் ஹைட்ஸ்’ நாயகியானபோதும் கல்கத்தா தெரிந்திருந்தால் அந்த வேடங்கள் வந்திருக்குமா? இதில் வேடிக்கை, அதே கோர்டா கம்பெனி 1937இல் ‘எலிஃபண்ட் பாய்’ படத்தில் மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபுவை நடிக்கவைத்தது. அவன் பிறந்த ஊர் கொட்டை எழுத்தில் விளம்பரமானது. யானைமேல் உட்காரும் பையனுக்கு இந்தியா மூலதனம். ராணி நாற்காலியில் உட்காரும் பெண்ணுக்கு அதுவே ஆபத்து. ஒரே கல்லாவில் இரண்டு கணக்கு.

சேலத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது திருச்செங்கோடு டி.ஆர்.சுந்தரம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. லீட்ஸில் நெசவுத் தொழில் படிக்கப் போனவர், கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து ஊர் திரும்பினார். 1930களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, 1937இல் ‘சதி அகல்யா’வை வெளியிட்டார். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. வெள்ளைக்கார மனைவியை முதலாளி ஒளித்துவைக்கவில்லை. சேலத்தில் அது தெருவறிந்த சமாச்சாரம். லண்டனிலோ சொந்தப் பாட்டி தட்டேந்தி நின்றார்.

ஹோபார்ட் கதையின் முடிவு இன்னும் விசித்திரம். 1978இல் அந்நகரத்தார் தங்கள் ஊர் மகளுக்கு வரவேற்பு வைத்தார்கள். மெர்லும் போனார், அங்கே, தாம் டாஸ்மேனியாவில் பிறந்தவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் தீவில் அதற்குள் ஒரு சொந்தக் கதையே வளர்ந்துவிட்டிருந்தது: செயின்ட் ஹெலன்ஸ் ஊர் விடுதியில் வேலைசெய்த சீன வம்சாவளிப் பெண்ணின் மகள்தான் மெர்ல் என்று. இந்தியப் பிறப்பு வெளியான பிறகும் அதை விடாமல் சொன்னவர்களை அந்த ஆவணப்படம் பேட்டி கண்டிருக்கிறது. விளம்பர இலாகா காகிதத்தில் உருவாக்கிய குழந்தையை, சின்ன வயதில் பார்த்த பழக்கம் உண்டு என்று சொல்லக்கூடியவர்களும் அந்தத் தீவில் இருந்தார்கள்.