செம்மரத்தின் வைரம்

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. திருமலையைத் தன்னுள் கொண்ட சேஷாசலமும், அதையடுத்த பாலகொண்டா, வெலிகொண்டா போன்ற வறண்ட மலைகளும் அதன் தாயகம். சித்தூரும் திருப்பதியும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. இந்தக் கட்டை கடலேறிய வழியும் பெரும்பாலும் சென்னைதான்.

செஞ்சந்தனம் என்று பெயர் இருந்தாலும் சந்தனத்தோடு இதற்கு உறவில்லை. அந்த மணமும் கிடையாது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். வெளிப்புறத்து வெளிறு வெளுத்திருக்கும், விலை போகாது. வியாபாரம் முழுக்க நடுவிலுள்ள சிவந்த வைரத்துக்கே.

அந்த வைரம் மரத்தின் தற்காப்பு. மரம் முதிர முதிர உள்ளே இருக்கும் உயிரணுக்கள் மடிகின்றன. மடியுமுன், சேர்த்து வைத்த மாவுப்பொருளைப் பூஞ்சைக்கும் கறையானுக்கும் ஆகாத பீனால் சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன. செத்த கட்டையால் பிறகு எதையும் உண்டாக்க முடியாது. இருப்பு வைத்ததே கடைசிவரை காவல். நிறத்தைத் தருவது சாண்டலின். இன்னொரு சேர்மமான டெரோஸ்டில்பீன் 1940இல் இந்த மரத்திலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

இத்தகைய சேர்மங்களுக்குப் பின்னால் ஒரு மரபணுக் குடும்பத்தின் கதை இருக்கிறது. பூ நிறங்களுக்கு அடிப்படையான சால்கோன் சிந்தேஸ் நொதியின் மரபணு பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. சில தாவரங்களில் அது இரட்டித்து, ஒரு படி சற்றே மாறி, ஸ்டில்பீன் சிந்தேஸ் ஆயிற்று. திராட்சையும் நிலக்கடலையும் அதைக் கொண்டு ரெஸ்வெரட்ராலைச் செய்கின்றன. அதோடு இரண்டு மெத்தில் தொகுதிகள் சேர்ந்தால் டெரோஸ்டில்பீன். பூஞ்சையை அடக்குவதில் இது இன்னும் வலியது. திராட்சை பெரும்பாலும் தாக்குதல் வந்தபின் ஆயுதம் எடுக்கிறது. செம்மரமோ முன்கூட்டியே கிடங்கை நிரப்பிவிடுகிறது.

மனிதர் விரும்பியதும் இந்தக் கிடங்கைத்தான். சித்த வைத்தியத்தில் கட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்து வீக்கத்துக்கும் தலைவலிக்கும் பற்றுப் போட்டார்கள். திருப்பதியில் வாங்கிவரும் செம்மரக்கட்டை மரப்பாச்சி ராஜா ராணி கொலுவில் நின்றது போக, குழந்தை வாயில் வைத்துக் கடிக்கவும் உதவியது. வேண்டும்போது அதையே இழைத்துப் பூசுவதும் உண்டு. விளையாட்டுச் சாமானே மருந்துச் சரக்காகவும் இருந்தது என்பது ஒரு சிக்கனம்.

சாண்டலின் தண்ணீரில் அனேகமாகக் கரையாது, சாராயத்தில் கரையும். ஆகவே ஐரோப்பியச் சாயக்காரர்கள் கட்டையைத் தூளாக்கிக் கம்பளிக்கு ஏற்றினார்கள். 1856இல் செயற்கைச் சாயம் பிறந்தபின் அந்தச் சந்தை படிப்படியாகத் தேய்ந்தது. கிழக்கே தேவை குறையவில்லை: சீனத்தில் சிங் அரசவையின் தட்டுமுட்டுகளுக்கும், ஜப்பானில் ஷாமிசென் இசைக்கருவியின் கழுத்துக்கும் இதே வைரம் தேடப்பட்டது. அலையோடிய ரேகை அமைந்த கட்டைக்குத் தனி விலை.

1995இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது. கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பிணமாகக் கிடந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். கட்டையின் லாபம் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. 2018இல் சற்றே தணிந்த அபாய நிலையில் வைக்கப்பட்ட மரத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2021இல் மீண்டும் அருகிவரும் இனமாக அறிவித்தது.

இப்போது விவசாயிகள் தோட்டங்களிலும் செம்மரம் வைக்கிறார்கள். நீரும் உரமும் பெற்ற மரம் சீக்கிரம் பருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வெளிறாகவே இருக்கும். வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.