வளர்ந்த, முதிய நாய்களுக்கான தடுப்பூசி இடைவெளி

குட்டிப் பருவத் தடுப்பூசிகள் முடிந்த நாய்க்கு, எந்த ஊசியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போடுவது என்பதைக் குறிப்பதே தடுப்பூசி இடைவெளி ஆகும். எல்லா ஊசிக்கும் பொருந்தும் ஒரே இடைவெளி கிடையாது. மருந்தின் வகை, நாயின் வயது, அதன் உடல்நிலை, ஊரில் உள்ள நோய்கள், நாட்டின் நடைமுறை ஆகிய ஐந்தையும் வைத்தே அது முடிவாகிறது. இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் எனப்படும் நீர்வெறுப்புக்கான ஊசி நாய்களுக்கு ஆண்டுதோறும் போடப்படுகிறது. மற்றச் சில ஊசிகளுக்கு மூன்று ஆண்டு இடைவெளி போதும். இந்த வேறுபாடு தெரியாததால் சில நாய்களுக்குத் தேவையில்லாத ஊசி போகிறது. தேவையான ஊசி கிடைக்காத நாய்களோ அதைவிட அதிகம்.

வரலாறு

நாய் ஊசிகள் பரவலாகிய காலத்தில் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் ஓராண்டுப் பாதுகாப்பையே சோதித்துக் காட்டினர். அதனால் எல்லா ஊசியையும் ஆண்டுக்கொரு முறை போடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. சில ஊசிகளின் காப்பு பல ஆண்டுகள் நீடிப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில், எல்லா நாய்களுக்கும் வேண்டிய டிஸ்டெம்பர், பார்வோ போன்ற அடிப்படை ஊசிகளுக்கு மூன்றாண்டு இடைவெளியைப் பரிந்துரைத்தது. உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கம் 2007 முதல் வெளியிட்டு வரும் வழிகாட்டிகளும் இதையே சொல்கின்றன.

ஊசிகளும் இடைவெளிகளும்

டிஸ்டெம்பர், பார்வோ, அடினோவைரஸ் ஈரல் அழற்சி ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்குமான ஊசிகளில் பெரும்பாலும் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அது நாயின் உடலில் சிறிதளவு பெருகி, நீண்டகால எதிர்ப்பு நினைவை உண்டாக்குகிறது. 16 வாரம் அல்லது அதற்குப் பிந்திய வயதில் கடைசிக் குட்டி ஊசியும், 6 மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் ஒரு மறு ஊசியும் பெற்ற நாய்க்கு, அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இவை தேவையில்லை.

நீர்வெறுப்பு ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். முதல் ஊசி எந்த வயதில் போடப்பட்டாலும் ஓராண்டில் மறு ஊசி கட்டாயம். அதன்பின் மருந்தின் லேபலும் நாட்டின் விதியும் சொல்வதே இடைவெளி. மூன்றாண்டு உரிமம் பெற்ற மருந்துகள் உலகில் உண்டு. ஆனாலும் நோய் நிலைத்திருக்கும் இலங்கையில் ஆண்டு ஊசியே நடைமுறை.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் ஒரு பக்டீரியா நோய். அதற்கான ஊசியின் காப்பு ஓராண்டளவே நிற்கும். முதலில் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் வேண்டும். எலிக்காய்ச்சல் நிலைத்திருக்கும் இடங்களில் இதையும் அடிப்படை ஊசியாகக் கருதும்படி உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டி கூறுகிறது.

முதிய நாய்கள்

நடுத்தர உடலளவுள்ள நாய் ஏழெட்டு வயதில் முதுமையை நெருங்குகிறது. “இந்தக் கிழட்டு நாய்க்கு இனி ஊசி எதுக்கு?” என்ற கேள்வி பல முற்றங்களில் கேட்கும் ஒன்று. இளமையில் ஒழுங்காக ஊசி பெற்ற நாயின் எதிர்ப்பு நினைவு முதுமையிலும் நிலைக்கிறது. மறு ஊசிக்கும் அதன் உடல் நன்றாகவே எதிர்வினை காட்டும். ஆகவே வயதான நாய்க்கு ஊசிகளை அடிக்கடி போட வேண்டியதும் இல்லை, வயதைக் காரணம் காட்டி நிறுத்த வேண்டியதும் இல்லை.

வாழ்நாளில் ஒரு ஊசியும் பெறாத முதிய நாயின் நிலை வேறு. புதிய நோய்க்கு எதிராக முதல்முறை எதிர்ப்பை உண்டாக்கும் திறன் முதுமையில் தளர்கிறது. அத்தகைய நாய்க்கே ஊசி அவசரமானது. காய்ச்சலோ கடும் நோயோ உள்ள நாய்க்கு ஊசியைச் சில நாள் தள்ளிவைப்பது வழக்கம். ஊசி இல்லாத ஆண்டிலும் பல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதிக்க முதிய நாயை ஒருமுறை கால்நடை வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

டிஸ்டெம்பர், பார்வோ, அடினோவைரஸ் ஆகியவற்றுக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மறு ஊசியைத் தவிர்க்கும் முறையும் உண்டு. நீர்வெறுப்பைப் பொறுத்தவரை, இரத்தச் சோதனை ஆண்டு ஊசிக்கு மாற்றாகாது.

பக்கவிளைவுகள்

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், ஓரிரு நாள் சோர்வு, உணவில் நாட்டமின்மை ஆகியவை தானாகத் தீரும். முகம் வீங்குதல், வாந்தி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே வைத்தியரை நாட வேண்டும். அமெரிக்காவில் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், 10,000 நாய்களுக்கு ஏறத்தாழ 38 என்ற அளவில் பக்கவிளைவு பதிவாகியிருந்தது. சிறிய உடலுள்ள நாய்களிலும், ஒரே வேளையில் பல ஊசி பெற்ற நாய்களிலும் அது கூடுதலாக இருந்தது.

இலங்கையில்

1973இல் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பால் இறந்தனர். நாய்களுக்கான ஊசித் திட்டமும் கடிபட்டவர்களுக்கான சிகிச்சையும் அந்த எண்ணிக்கையை அண்மைய ஆண்டுகளில் 20 முதல் 30 வரையான அளவுக்கு இறக்கியுள்ளன. அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய நடவாத காரியம். உலகில் மனிதருக்கு வரும் நீர்வெறுப்பில் 99 வீதம் நாய்களாலேயே பரவுகிறது.

ஒரு நாயின் உடலில் காப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதை மட்டும் வைத்து ஆண்டு ஊசி தீர்மானிக்கப்படவில்லை. ஊரிலுள்ள நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ப் பரவல் அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கட்டாக்காலி நாய்களின் ஆயுள் குறைவு. குட்டிகளோ பிறந்துகொண்டே இருக்கும். இந்த ஆண்டு 70 வீதத்தை எட்டிய ஊரில், அடுத்த ஆண்டு ஊசி பெற்ற பல நாய்கள் இறந்திருக்கும், ஊசி பெறாத பல குட்டிகள் வளர்ந்திருக்கும். அந்த இடைவெளியை அடைப்பதே ஆண்டுதோறும் நடக்கும் ஊசி நடவடிக்கை. அரசு இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறது.

ஜெயபுரமும் வன்னியும்

இந்த நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு ஜெயபுரம். அது கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள கிராமம். வன்னியின் மற்றக் கிராமங்களைப் போலவே இங்கும் வயலும் மாடும் காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டு நாய்கள் பெரும்பாலும் கட்டப்படாமல் திரிகின்றன. இரவில் காட்டுப்பன்றியை விரட்டுகின்றன. நரி, கீரி போன்ற காட்டு விலங்குகளுக்கும் நீர்வெறுப்பு வரக்கூடும் என்பதால், காட்டோர நாய்க்கு ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. விசர் பிடித்த விலங்கு கடித்தால், ஊசி பெற்ற நாய்க்கும் உடனே மறு ஊசி போட வேண்டும். நோய் மாடுகளுக்கும் தாவும். அப்போது குடும்பத்தின் வருமானமும் போகும்.

எலிக்காய்ச்சலும் வயலோடு சேர்ந்த நோய். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு அது ஏற்பட்டதாகப் பதிவானது. 2024 டிசம்பரில், கடும் மழைவெள்ளத்தின் பின், யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்டது. காலபோகத்தில் வயல்நீரில் திரியும் நாய்க்கு இந்த ஊசி வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பது பொருத்தமானது.

நாயின் தடுப்பூசி அட்டையில் ஊசி போட்ட திகதி, மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், அடுத்த திகதி ஆகியவை இருக்க வேண்டும். அட்டை தொலைந்து, முன்பு போட்டது தெரியாமற்போனால், போடாத நாயாகவே கருதித் தொடங்குவது பாதுகாப்பானது. அந்த அட்டை மனிதருக்கும் உதவுகிறது. நாய் கடித்தவர் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே, கடித்த நாயை 14 நாள் அவதானித்தபடி சிகிச்சையைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அட்டை பயன்படும்.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருப்பதும் முக்கியம். வன்னியின் கோடையில் ஐஸ் பெட்டியில்லாமல் கொண்டுசெல்லப்பட்ட உயிர்வைரஸ் மருந்து, குத்தினாலும் பயன் தராமற்போகலாம்.

ஆகவே ஜெயபுரத்தில் நாய் வளர்ப்பவருக்கான விதி இதுதான்: நீர்வெறுப்பு ஊசி ஆண்டுதோறும், நாயின் கடைசி வயது வரை; டிஸ்டெம்பர், பார்வோ, அடினோவைரஸ் ஊசிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை; எலிக்காய்ச்சல் ஊசி, வைத்தியர் தேவை என்று சொன்னால் ஆண்டுதோறும். நடமாடும் ஊசிச் சேவை கிராமத்துக்கு வரும் நாளில் குட்டியோடு கிழட்டு நாயையும் கூட்டிச் செல்லுங்கள்.