மினுக்கும் எல்இடிக்குப் பின்னால் ஒரு மாணவர்

ஆர்டுயினோ போர்டில் முதல் தடவை எல்இடியை மினுக்க வெச்சப்போ, 'டிஜிட்டல்ரைட்' என்கிற கட்டளையை உருவாக்கியது யாருன்னு நான் யோசிக்கவே இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

இத்தாலியில் இவ்ரியா என்றொரு சின்ன ஊர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் படித்த கொலம்பிய மாணவர் எர்னான்டோ பாரகான், எலக்ட்ரானிக்ஸ் தெரியாத கலைஞர்களுக்காக 2003-ல் 'வயரிங்' என்ற போர்டையும் மென்பொருளையும் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கினார். நாம இன்னைக்கு எழுதுற பின்மோட், டிஜிட்டல்ரைட், டிலே எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

2005-ல் அவருடைய ஆய்வு வழிகாட்டிகளில் ஒருவரான மாசிமோ பான்சியும் மற்றவர்களும் அதை விலை குறைந்த ஏடிமெகா8 சிப்புக்கு மாற்றினார்கள். ஆர்டுயினோ என்ற பெயர் உள்ளூர் மதுக்கடை ஒன்றிலிருந்து வந்தது. பாரகான் அந்தக் குழுவில் இல்லை.

திறந்த மூல மென்பொருளை யாரும் எடுத்து மாத்தலாம், சரிதான். ஆனா, செஞ்சவர் பேரையாவது முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாமே?