நெஸ்லே: பெயரும் வளர்ச்சியும்

ஒரு நிறுவனத்தின் வளர்ச்சி முழுவதையும் அதன் பெயர்க்குரியார்மேல் ஏற்றிக் கூறுதல் வழக்கம். நெஸ்லே வரலாற்றிற்கு அது பொருந்தாது என்பது எம் கருத்து.

செருமனியின் பிராங்க்பர்ட்டில் 1814-இல் பிறந்த ஐன்றிக் நெஸ்லே, மருந்தாக்கம் பயின்று, சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் குடியேறி, ஆன்றி எனப் பெயர் மாற்றிக்கொண்டார். தாய்ப்பால் கிட்டாக் குழவிகள் பல மாண்ட காலம் அது. பசும்பால், கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றை எளிதிற் செரிக்குமாறு பதப்படுத்தி, 1867-இல் அவர் குழந்தையுணவு ஆக்கினார். நெஸ்லே என்பது அவர் முன்னோர் வழக்கில் சிறு கூட்டைக் குறிக்கும் சொல். குடிச்சின்னத்தில் கூட்டின்மேல் தனித்திருந்த பறவையை, குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாயாக்கி, அதனையே வணிக இலச்சினையாகக் கொண்டார். அதற்கு மாறாகச் சுவிட்சர்லாந்தின் வெண்சிலுவையைப் பொறிக்கலாமென முகவர் ஒருவர் வேண்டியபோது, அவர் இசைந்திலர். இவ்வுறுதியை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை.

ஆயினும் 1875-இல், பத்து இலட்சம் பிராங்கு பெற்று, பெயரோடும் இலச்சினையோடும் தொழிலைப் பிறர்க்கு விற்று விலகினார். சுண்டிய பால் விற்ற ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் குழந்தையுணவிலும் இறங்கவே, நெஸ்லே நிறுவனத்தார் தாமும் சுண்டிய பால் விற்கலாயினர். கடும்போட்டி 1905-இல் இணைப்பாய் முடிந்தது. ஆன்றி நெஸ்லேயோ 1890-இலேயே மறைந்தார். 1938-இல் வெளிவந்த நெஸ்கபேயின் பெயரிலும் அவர் பெயரின் முதற்பகுதி நின்றது.